அவங்க சொல்லிட்டே இருந்தாங்க, நம்ம காதுல தான் விழல: கிஃப்ட் குடுத்த, வாங்கின அனுபவங்களை பகிருங்க

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், உங்க அனுபவத்தையும் கேட்டுக்கலாம்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்கம்மா 40 வருஷத்துக்கு மேல தைக்கிறாங்க. காலால மிதிக்கிற பழைய மெஷின் தான், கருப்பு பெயின்ட் கை படுற இடத்துல எல்லாம் தேஞ்சு இரும்பு தெரியும். அம்மாவுக்கு 65 முடிஞ்சப்ப நானும் தம்பியும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் தையல் மெஷின் வாங்கினோம். சின்ன ஸ்க்ரீன் இருக்கும், நூத்துக்கு மேல தையல் டிசைன், பட்டன் ஓட்டை அதுவே போட்டுரும். அதுக்காக ரெண்டு பேரும் மாசக்கணக்குல காசு சேர்த்தோம். பெட்டியைப் பிரிச்சப்ப அம்மா முகம் அப்படி மலர்ந்துச்சு, அந்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு.

ஆறு மாசம் கழிச்சு போய்ப் பாத்தா புது மெஷினுக்கு அழகா உறை தைச்சு மூடி வச்சிருக்காங்க, அந்த உறையைத் தைச்சதே பழைய மெஷின்ல தான். எனக்கு மனசு வாடிப் போச்சு. ஏம்மா இப்படின்னு கேட்டேன், நல்லா தாம்மா இருக்கு, பழகிக்கிறேன்னு சொல்லி பேச்சை மாத்திட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். "இங்க வாம்மா, இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு, ஒண்ணும் தெரியல" அப்படின்னாங்க. கோத்துக் குடுத்துட்டு எந்திரிச்சேன் பாருங்க, அப்ப தான் உறைச்சுது. இந்த வார்த்தையை எத்தனை வருஷமா கேக்குறேன் நான்! ஸ்கூல் விட்டு வர்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைக் கூட கூப்பிட்டு கோத்துக் குடுக்கச் சொல்வாங்க. யாரும் இல்லாத நாள்ல தைக்காமலே வச்சிருவாங்க. அம்மாவுக்கு என்ன வேணும்னு நாங்க ரெண்டு பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்த நேரத்துல அம்மா தினமும் வாய் விட்டு சொல்லிட்டு தான் இருந்திருக்காங்க.

புது மெஷின்லயும் ஊசி கோக்குற வசதி இருக்கு, ஆனா அதுக்கு ஒரு லீவரை இறக்கி குட்டி கொக்கியில நூலை மாட்டணும், அதுவும் கண்ணு தெரிஞ்சா தான் நடக்கும். அதோட அவங்களுக்கு வேகம் கால்ல இருக்கு, மிதிச்சு மிதிச்சு பழகின கணக்கு அது, எலக்ட்ரிக் பெடல்ல லேசா அழுத்தினாலே துணி ஓடிப்போகுதுன்னு பயம். கண் டாக்டர் கிட்ட கேட்டப்ப வயசாக ஆக கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மஞ்சளடிக்கும், கண்ணு பாப்பாவும் முன்ன மாதிரி விரியாது, அதனால கிட்டத்து வேலைக்கு வெறும் கண்ணாடி மட்டும் பத்தாது, வெளிச்சமும் கூட வேணும்னு சொன்னார்.

அடுத்த தடவை போறப்ப மூணு பொருள் வாங்கிட்டுப் போனேன். மெஷின் தலையில ஒட்டுற மாதிரி ஒரு எல்.இ.டி. விளக்கு, மெல்லிசு கம்பி வளையம் வச்ச நூல் கோக்குற கருவி, பழைய தோல் பெல்ட் தொங்கிப் போயிருந்ததால புது பெல்ட். எல்லாம் சேர்த்து ஒரு கைப்பையில அடங்கிடுச்சு. அம்மா விளக்கைப் போட்டு ஊசியைப் பாத்துட்டு ஒண்ணுமே பேசல, என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி 11 மணி வரைக்கும் மெஷின் சத்தம் கேட்டுச்சு.

உங்களுக்கும் இந்த மாதிரி நடந்திருக்கும். குடுத்தது, வாங்கினது, தப்பாப் போனது, சரியா அமைஞ்சது, எதுவா இருந்தாலும் எழுதுங்க.

* * *

படிச்சு முடிச்சதும் கை தானா டைப் பண்ண ஆரம்பிச்சிருச்சு அக்கா. நான் இடது கை பழக்கம். சின்ன வயசுல இருந்து கத்தரிக்கோல்னாலே எனக்குக் கஷ்டம், கோணல் மாணலா தான் வெட்டுவேன், கைவேலை கிளாஸ்ல எப்பவும் திட்டு. எனக்கு கை வேலை வராதுன்னு நானே நம்பிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும், பக்கத்து சீட்ல இருந்த தோழி என் பிறந்தநாளுக்கு ஒரு கத்தரிக்கோல் குடுத்தா. பாத்தா சாதாரணமா தான் இருந்துச்சு, வெட்டிப் பாருடின்னா. நேரா போச்சு! கோடு போட்ட மாதிரி நேரா. அது இடது கைக்காரங்களுக்குன்னே செய்றது. வழக்கமான கத்தரிக்கோல்ல பிளேடு அடுக்கியிருக்குற விதம் வலது கைக்கு ஏத்தது, இடது கையில பிடிச்சா வெட்டுற கோட்டையே மேல் பிளேடு மறைச்சிரும், கட்டை விரல் தள்ளுற தள்ளுல ரெண்டு பிளேடும் ஒட்டாம விலகி பேப்பர் மடங்கிப் போகும். இதுல பிளேடு மாத்தி அடுக்கியிருப்பாங்க, அவ்வளவு தான் வித்தியாசம். பத்துல ஒருத்தர் இடது கைக்காரங்க, ஆனாலும் 24 வயசு வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது.

நான் அவகிட்ட எதுவும் கேட்டதில்ல, புலம்பினதும் இல்ல. ஆபீஸ்ல கவர் வெட்டுறப்ப நான் படுற பாட்டை அவ பாத்திருக்கா. அந்தக் கத்தரிக்கோல் இன்னும் என் மேஜையில இருக்கு, வேற யாரையும் தொட விடமாட்டேன்.

* * *

நான் கொஞ்சம் தேடிப் படிக்கிற ஆளு. என் கதையே இந்த விஷயத்துல மாட்டிக்கிட்டதால நிறைய படிச்சேன்.

நிச்சயத்துக்கு பெரிய கல் வச்ச மோதிரம் வாங்கினேன். கல்லு பெருசா இருந்தா தான் என் மனசு அவங்களுக்குப் புரியும்னு நெனச்சேன். அவங்க நர்ஸ். டூட்டியில கல் வச்ச மோதிரம் போடக் கூடாது, கல்லுக்கு அடியில கிருமி தங்கும், கிளவுஸும் கிழியும். சாதா வளையம்னா அவங்க இடத்துல ஒத்துக்குவாங்க. ஆக வாரத்துல ஆறு நாள் என் மோதிரம் அலமாரிக்குள்ள. ஒரு நாள் அவங்களே தயங்கித் தயங்கி சொன்னாங்க, நாள் முழுக்க கையில கிடக்குற மாதிரி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு. அதுக்கு முன்னாடி என்கிட்ட எத்தனை தடவை கிளவுஸ் கிழியுறதைப் பத்திப் பேசியிருப்பாங்க தெரியுமா? அதெல்லாம் வேலைக் கதைன்னு நெனச்சு கேட்டுட்டு விட்டிருக்கேன்.

அப்புறம் தான் படிச்சேன். 2009-ல ஃப்ரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியல் ஆடம்ஸ்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்காங்க, அதுல ஆரம்பமே நிச்சயதார்த்த மோதிரம் தான். விலை ஏற ஏற கிஃப்ட் கிடைச்சவங்க சந்தோஷமும் ஏறும்னு குடுத்தவங்க நம்புறாங்க, கிடைச்சவங்களுக்கோ விலைக்கும் சந்தோஷத்துக்கும் சம்பந்தமே இல்ல. என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருந்துச்சு. 2016-ல கேலக், கிவி, வில்லியம்ஸ்னு மூணு பேர் எழுதினது இன்னும் தெளிவா இருக்கு. குடுக்குறவங்க பெட்டியைப் பிரிக்கிற அந்த ஒரு நிமிஷத்தை நெனச்சு பொருளை எடுக்குறாங்களாம், கிஃப்ட் கிடைக்கிறவங்க அதுக்கப்புறம் வருஷக்கணக்குல அதோட வாழணுமேன்னு பாக்குறாங்களாம். தையல் மெஷின் அக்கா போன்ல இருக்குற போட்டோவும், வீட்டுல மூடிக் கிடந்த உறையும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு ஆய்வு மட்டும் எனக்கு ஒத்துக்கல. 1993-ல ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு பொருளாதார அறிஞர் கணக்குப் போட்டு, பண்டிகைக் கிஃப்ட்டோட மதிப்புல பத்துல ஒரு பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வீணாப் போகுதுன்னு எழுதினார். கிஃப்ட் கிடைச்சவங்க அந்தப் பொருளுக்குத் தாங்களா எவ்வளவு குடுப்பாங்கன்னு கேட்டு, விலையில இருந்து கழிச்ச கணக்கு அது. ஆனா பாசத்துக்கான மதிப்பை ஒதுக்கிட்டு சொல்லுங்கன்னு தான் கேட்டிருக்கார். அதை ஒதுக்கிட்டா அப்புறம் கிஃப்ட்ல என்ன மிச்சம் இருக்கு?

இப்ப அவங்க கையில கல் இல்லாத தட்டை வளையம். மூணு வருஷமா கழட்டல.

* * *

எல்லாம் சரி சகோ, ஆனா எனக்கு ஒண்ணு சொல்லணும். என்ன வேணும்னு கேட்டு வாங்கிக் குடுக்குறதுல ஒரு உயிர் இல்லாத மாதிரி இருக்கு எனக்கு. கேட்டா அது கடைக்கு அனுப்புற லிஸ்ட் மாதிரி ஆயிடும். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் "என்ன வேணும் சொல்லு"ன்னு கேப்பார், நானும் ஏதோ ஒண்ணு சொல்வேன், வந்துரும். பத்து வருஷத்துல ஒரு தடவையாவது இவருக்கா தோணாதான்னு உள்ளுக்குள்ள ஒரு ஏக்கம் இருக்கு, அதை வெளிய சொல்லவும் முடியல, ஏன்னா அவர் எந்தக் குறையும் வைக்கல.

* * *

மேல எழுதின அக்காவோட ஏக்கம் புரியுது, ஆனா எதிர்ப்பக்கத்துல இருந்து வந்தவன் நான். எங்க வீட்டுல யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. வருஷா வருஷம் மாமா எனக்கு சட்டை எடுத்துக் குடுப்பார், எப்பவும் ஒரு சைஸ் சின்னதா இருக்கும், அவர் மனசுல நான் இன்னும் எட்டாவது படிக்கிற பையன். அதை மாட்டி அவருக்குக் காட்டி, கழட்டி, மடிச்சு வச்சிருவேன்.

காலேஜ் ரெண்டாவது வருஷம் அண்ணன் தான் முதல் முறையா கேட்டான். "டேய், உனக்கு நெஜமா என்ன வேணும், எனக்கு யூகிக்கத் தெரியல, தப்பா வாங்கி உன்னை நடிக்க வைக்கவும் விரும்பல" அப்படின்னு. அப்ப எனக்கு லேப்டாப் சார்ஜர் போயிருந்துச்சு, ஒயரை வளைச்சுப் பிடிச்சா தான் ஏறும், ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஒரு கையால டைப் பண்ணுவேன். சார்ஜர்னு சொன்னேன். கிஃப்ட்டா சார்ஜர் கேக்குறானேன்னு அவன் யோசிக்கவே இல்ல, வாங்கிட்டு வந்தான். கேட்டதுல தான் எனக்கு உயிர் இருந்துச்சு அக்கா. நீ நடிக்க வேண்டாம்னு ஒருத்தன் சொன்னான்ல, அது போதும்.

உங்க வீட்டுக்காரர் கிட்ட இந்த ஏக்கத்தையே ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன். பொருள் பேரு சொல்லாம, "இந்த வருஷம் நீங்களா யோசிச்சு ஒண்ணு, சின்னதா இருந்தாலும்" அப்படின்னு.

* * *

பிள்ளைங்க விஷயத்துல நான் பட்டதை சொல்றேன், வாங்கப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

என் மகளுக்கு அப்ப 9 வயசு. "அப்பா எனக்கு நிலாவைக் கிட்டத்துல பாக்கணும்"னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தா. டெலஸ்கோப் வாங்கிட்டேன். பெட்டி மேல 525 மடங்கு பெருசாத் தெரியும்னு போட்டிருந்துச்சு, கலர் கலரா சனி வளையம் படம் வேற. முன் லென்ஸ் 60 மில்லிமீட்டர். ராத்திரி மொட்டை மாடியில வச்சா ஸ்டாண்டு ஆடுது, நிலாவைப் பிடிச்சு கண்ணை வைக்கிறதுக்குள்ள அது நகர்ந்து போயிருது, பெரிய மடங்குக்கு மாத்தினா மங்கலா சாம்பல் கலர்ல ஏதோ ஒண்ணு. மூணு நாள் முயற்சி பண்ணினா, நாலாவது நாள் "எனக்குப் பாக்கத் தெரியலப்பா"ன்னு கீழ இறங்கிட்டா. தப்பு தன் மேலன்னு அவ நெனச்சுக்கிட்டது தான் எனக்குத் தாங்கல.

அப்புறம் வானம் பாக்குறதுல பழக்கமுள்ள ஒருத்தர் கிட்ட கேட்டேன். அவர் சொன்ன கணக்கு எளிமையானது, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதை ரெண்டால பெருக்கு, அதுக்கு மேல மடங்கு ஏத்தினா படம் பெருசாகும், ஆனா தெளிவு வராது. 60-க்கு 120 தான். 525-ங்கிறது பெட்டியில போடுறதுக்கு மட்டும். முதல்ல ஒரு பைனாகுலர் குடுங்க, பத்துக்கு அம்பதுன்னு போட்டிருக்கும், பத்து மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்னு சொன்னார்.

முழங்கையை கைப்பிடிச் சுவர் மேல ஊன்றி பாக்கச் சொன்னேன். பாதி நிலா அன்னைக்கு, வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல தான் பள்ளம் எல்லாம் நிழலோட நல்லாத் தெரியும், பௌர்ணமி அன்னைக்கு அந்த நிழல் இருக்காது. அவ கத்தின கத்து பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு வியாழன் கிரகத்துக்குப் பக்கத்துல வரிசையா மூணு புள்ளியைக் காட்டினா. 1610-ல கலிலியோ பாத்த அந்த நாலு நிலாவுல மூணு! நாலாவது எங்கப்பான்னு கேட்டா, வியாழனுக்குப் பின்னால போயிருக்கும், இல்ல முன்னால இருந்தாலும் அந்த வெளிச்சத்துல தெரியாதுன்னு சொன்னேன். மறுநாள் நாலும் இருந்துச்சு.

ஒண்ணு மறக்காம சொல்லிடுங்க பிள்ளைங்க கிட்ட, பைனாகுலரோ டெலஸ்கோப்போ எதுலயும் சூரியனைப் பாக்கவே கூடாது, கண்ணு நிரந்தரமா போயிரும்.

யோசிச்சுப் பாத்தா அவ ஒரு நாளும் டெலஸ்கோப் கேக்கல. நிலாவைக் கிட்டத்துல பாக்கணும்னு தான் கேட்டா. டெலஸ்கோப்னு மாத்திக்கிட்டது நான்.

* * *

எனக்கு நடந்தது வேற மாதிரி, எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

குறைப்பட்டுக்கிறதைக் கவனிச்சு வாங்கணும்னு எல்லாரும் சொல்றீங்க, நல்ல விஷயம் தான். ஆனா எல்லாக் குறையும் பொருளா திரும்பி வரக்கூடாது. முதல் பிரசவம் முடிஞ்சு நாலு மாசம், பழைய டிரஸ் எதுவும் பத்தல. கண்ணாடி முன்னாடி நின்னு "எப்படி ஆயிட்டேன் பாருங்க"ன்னு ஒரு தடவை சொன்னேன். அந்த வருஷம் கல்யாண நாளுக்கு எடை பாக்குற மெஷின் வந்துச்சு. போன்ல இணைக்கலாம், கொழுப்பு எவ்வளவுன்னு காட்டும், அப்படி இப்படின்னு அவர் ரொம்ப ஆசையா விளக்கினார். என் பேச்சைக் கவனிச்சிருக்கார், அது உண்மை தான். ஆனா நான் அன்னைக்கு சொன்னது ஒரு மெஷின் கேட்டு இல்ல. அப்படியெல்லாம் இல்லம்மான்னு ஒரு வார்த்தை தான் எதிர்பார்த்தேன்.

பாத்ரூம்ல போய் அழுதேன். அவர்கிட்ட சொல்றதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. சொன்னப்ப அவரும் உடைஞ்சு போயிட்டார். ஊசியில நூல் போகலன்னா அது பொருளோட குறை, என் உடம்பைப் பத்தி நான் சொல்றது அப்படி இல்ல. காது சரியாக் கேக்கல, ஞாபகம் இல்ல, எடை கூடிருச்சு, முடி கொட்டுது, இதுக்கெல்லாம் ரிப்பன் கட்டி எதையும் குடுத்துராதீங்க. வேணும்னு அவங்களே கேட்டா, அவங்களோட சேர்ந்து போய் வாங்குங்க. காது மெஷின்லாம் எப்படியும் டெஸ்ட் எடுத்து அவங்கவங்க காதுக்கு ஏத்த மாதிரி செட் பண்ண வேண்டியது, சர்ப்ரைஸா குடுக்குற பொருளே இல்ல.

* * *

இந்தப் பேச்சை ஆரம்பிச்சவ தான். மேல எழுதின தங்கச்சி, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். எங்கம்மாவுக்கு நூல் கோக்குற கருவியைக் குடுக்கறப்ப "உனக்குக் கண்ணு தெரியலல்ல"ன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, ஏதோ ஒரு நேரத்துல "இந்த ஊசி ரொம்பப் பொடிசா இருக்குல்ல"ன்னு மாத்தி சொன்னேன். அது ஏன் சரின்னு இப்ப தான் புரியுது. எழுதினதுக்கு நன்றி.

* * *

எங்க அக்காவுக்கு நான் குடுத்த ஒரே உருப்படியான பொருள் ஒரு ஆடியோ பைல்.

எங்க பாட்டி போய் 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. அக்கா பாட்டி மடியிலயே வளந்தவ. எப்ப பேசினாலும் "பாட்டி குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருதுடா, முகம் ஞாபகம் இருக்கு, குரல் வரமாட்டேங்குது"ம்பா. வீடு மாத்துறப்ப பழைய டிரங்குப் பெட்டியில ஒரு கேசட் கிடைச்சது, 60 நிமிஷ கேசட், பக்கத்துக்கு 30. மேல பென்சில்ல "வீட்டுல பேசினது"ன்னு அப்பா கையெழுத்து. நான் வாயே திறக்கல.

டேப் ரெக்கார்டர் ஒண்ணு தேடிப் பிடிக்கவே ஒரு மாசம். அவசரப்பட்டு உடனே போடாதீங்கன்னு அதுல அனுபவமுள்ளவர் சொன்னது தான் காப்பாத்துச்சு. கேசட் நடுவுல ஒரு சின்ன பஞ்சுத் துண்டு இருக்கும், டேப்பை, ரெக்கார்டர்ல சத்தத்தைப் படிக்கிற ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிறது அது தான், எங்க கேசட்ல பசை காஞ்சு அது விழுந்து போயிருந்தது. வேற கேசட்ல இருந்து எடுத்து ஒட்டினார். ஒரு முறை முழுசா முன்னாடி ஓட்டி, பின்னாடி ஓட்டி, சுருள் இறுக்கத்தைத் தளர்த்தினார். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சார். டேப்பை கம்ப்யூட்டருக்கு ஏத்துறதுல குறுக்கு வழி கிடையாது, 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷம் உக்காந்து தான் ஆகணும். முதல்ல சுருக்காம வேவ் பைலா எடுத்து வச்சுக்கங்க, எம்பி3 அப்புறம் எத்தனை வேணா போடலாம்னு சொன்னார்.

முதல் பக்கம் முழுக்க வெறும் ரேடியோ சத்தம். ரெண்டாவது பக்கத்துல 19-வது நிமிஷத்துல பாட்டி வர்றாங்க. பாட்டு இல்ல, கதை இல்ல. அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்து, பூனை உள்ள வருதுன்னு அதட்டுறாங்க. அவ்வளவு தான், 40 செகண்ட் கூட இருக்காது. அக்கா சின்னக் குரல்ல "சாத்திட்டேன்"னு பதில் சொல்றா.

பிறந்தநாள் வரைக்கும் காத்திருக்க முடியல என்னால. ராத்திரியே அனுப்பினேன். அக்கா போன் பண்ணினா, ரொம்ப நேரம் பேசவே இல்ல, நானும் வைக்கல. அப்புறம் "கதவைச் சாத்துன்னு தான்டா எப்பவும் சொல்லும்"னு சொன்னா.

வீட்டுல கேசட் கிடக்குறவங்க தயவு பண்ணி தள்ளிப் போடாதீங்க. டேப் வருஷத்துக்கு வருஷம் கெட்டுக்கிட்டே தான் இருக்கும், ஓட்டுற மெஷினும் குறைஞ்சுக்கிட்டே வருது.

* * *

அழ வச்சிட்டீங்க தம்பி.

என்னோடது சின்னது. குழந்தை பிறந்து ஆறாவது வாரம், ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுத்து குடுத்து எனக்கு கிழமையே மறந்து போச்சு. பாக்க வந்தவங்க எல்லாம் குழந்தைக்கு டிரஸ், பொம்மை, இன்னொரு பொம்மை. என் நாத்தனார் மட்டும் வெறுங்கையோட வந்தாங்க. "பாலை எடுத்து வச்சிட்டு போய் தூங்கு, நடுவுல ஒரு தடவை நான் பாத்துக்குறேன், கதவைச் சாத்திக்கோ"ன்னாங்க. ஆறு மணி நேரம் தூங்கினேன். அந்த மாசம் வந்த பொம்மை எதுவும் இன்னைக்கு ஞாபகம் இல்ல, அந்தத் தூக்கம் இருக்கு. முழிச்சு வந்து பாத்தப்ப துணியெல்லாம் மடிச்சு வச்சிருந்தாங்க.

* * *

உயிரோட இருக்குறதை சர்ப்ரைஸா குடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன். தனியா இருக்காரேன்னு எங்கப்பாவுக்கு நாய்க்குட்டி குடுத்தோம். அவருக்கு முழங்கால் வலி, குட்டிக்கு நாள்ல நாலு தடவை வெளிய போகணும். வேண்டாம்னு சொன்னா நாங்க வருத்தப்படுவோம்னு எட்டு மாசம் வலியோட நடந்திருக்கார். நாய் பத்துப் பன்னெண்டு வருஷம் வாழும், அத்தனை வருஷத்துக்கும் அவர்கிட்ட கேக்காம நாங்க முடிவெடுத்துட்டோம். இப்ப குட்டி என்கிட்ட வளருது, ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன், அவர் மடியில படுத்துக்கும். அது அவருக்குப் பிடிச்சிருக்கு, அது தான் அவருக்கு வேண்டியிருந்ததும்.

* * *

ஒரு வழி சொல்றேன், நான் ஏழு வருஷமா பண்றது. போன்ல ஒரு நோட்டு, வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். அவங்க பேச்சுல ஏதாவது வந்தா அவங்க சொன்ன வார்த்தையிலயே தேதி போட்டு எழுதிருவேன், நான் என் அர்த்தத்துக்கு மாத்த மாட்டேன். டெலஸ்கோப் அண்ணன் சொன்னது தான், மாத்தினா தப்பாயிரும். பிறந்தநாள் வரப்போகுதுன்னு முந்தின வாரம் யோசிச்சா ஒண்ணும் தோணாது, மார்ச்ல சொன்னது நவம்பர்ல எப்படி ஞாபகம் வரும்?

ரெண்டு தடவை, மூணு தடவை ஒரே விஷயம் வந்தா அது தான். ஒரு தடவை மட்டும் வந்தது அன்னைக்கு மூடுக்கு சொன்னதா இருக்கும்.

அப்பா பக்கம் இன்னும் அழிக்கல நான். அவர் போய் ரெண்டு வருஷம். கடைசியா எழுதினது, "இந்த நாற்காலில கை வைக்கிற இடம் இன்னும் ஒரு இஞ்ச் உயரமா இருந்தா எந்திரிக்க சுலபமா இருக்கும்." அந்த வேலையை ஆசாரி கிட்ட சொல்லி செஞ்சோம், அவர் 11 மாசம் அதுல உக்காந்தார். இப்ப அம்மா அதுல தான் உக்காருறாங்க.

* * *

மறுபடியும் நான் தான். இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல, ஒவ்வொண்ணா அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கேசட் பதிவுக்கு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எடை மெஷின் பதிவுக்கு "பாவம், அந்தப் பையனும் ஆசையா தானே வாங்கியிருப்பான்"னாங்க.

நிறைய பேர் அந்த கம்ப்யூட்டர் மெஷின் என்ன ஆச்சுன்னு தனியா கேட்டிருந்தீங்க. அதை என்ன பண்ணலாம்னு அம்மாகிட்டயே கேட்டேன், இந்தத் தடவை நேராவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உன் மனசு கஷ்டப்படாதுன்னா, எதிர் வீட்டுப் பொண்ணு தைக்கக் கத்துக்கணும்னு ஆசைப்படுது, அதுக்குக் குடுக்கவா?"ன்னாங்க. எவ்வளவு நாளா கேக்கணும்னு இருந்தாங்களோ. குடுத்தாச்சு. இப்ப அந்தப் பொண்ணு சாயங்காலம் அம்மாகிட்ட அளவு எடுக்கக் கத்துக்கிட்டுப் போகுது.

நேத்து போன்ல பேசறப்ப "துணி வெட்டுறப்ப குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகுது, தரையில போட்டு வெட்ட முடியல"ன்னாங்க. போன வாரமும் சொன்னாங்க. அவங்க இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை மேஜை, எத்தனை அகலம் வச்சா சரியா இருக்கும், தைக்கிறவங்க யாராவது இங்க இருந்தா சொல்லுங்களேன்.